சிங்க்குக்கு அடியில் இரண்டு சம்பந்திகள்

உக்காருங்க அக்கா, உக்காருங்க. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு நடந்தீங்கன்னா, இந்தம்மாவுக்குக் காலு நல்லாத்தான் இருக்குன்னு வண்டியத் தள்ளிட்டுப் போயி வேற யாருக்காவது குடுத்துருவாங்க. எனக்கும் காலு நல்லாத்தான் இருக்கு. இங்கிலீஷ்தான் இல்ல. இங்கிலீஷ் வரலைன்னு சொன்னா வீல் சேர் குடுப்பாங்களா? அதான் மூட்டு வலின்னு எழுதிக் குடுத்திருக்கு. இந்தத் தோஹா ஏர்போர்ட்டுல வரிசையா உக்காந்திருக்காங்க பாருங்க நம்ம ஊரு அம்மாமாரு, அம்புட்டுப் பேருக்கும் இதே மூட்டு வலிதான்.

நீங்க போறீங்களா, வாறீங்களா? போறீங்களா. மக பிரசவத்துக்கா. நல்லது, நல்லபடியா நடக்கட்டும். நான் அதை முடிச்சுட்டுத்தான் வாறேன். டல்லாஸ்ல இருக்கா என் மக. பேரப்பய. மூக்கு மட்டும் அவங்கப்பன் வீட்டு மூக்கு, மத்ததெல்லாம் எங்க சாயல்.

மொதத் தடவையா போறீங்க? அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. குளிரு, கார் சீட்டு பெல்ட்டு, அதெல்லாம் மக சொல்லிருப்பா. இத யாரும் சொல்ல மாட்டாங்க. பாத்திரம் கழுவுற சிங்க்கு இருக்குல்ல, அதோட ஓட்டைக்கு நேர் கீழ ஒரு மிஷின மாட்டி வச்சிருப்பான். மிச்சம் மீதிய உள்ள தள்ளி, தண்ணியத் தொறந்துவிட்டு, சுவத்துல இருக்கிற சுவிட்சப் போட்டா, கர்ருன்னு அரைச்சு சாக்கடைக்கு அனுப்பிரும். டிஸ்போசல்னு பேரு. நாம திங்கிறதுக்கு மிக்ஸி வச்சிருக்கோம், அவன் எச்சிலுக்கு மிக்ஸி வச்சிருக்கான். அந்த மிஷின்கிட்ட மட்டும் சூதானமா இருந்துக்கங்க. நான் சூதானமாத்தான் இருந்தேன். எங்கூட இருந்தவ இல்ல.

எங்கூட இருந்தவன்னா, சம்பந்தி. வசந்தாமணின்னு பேரு. என் மக சுபாஷிணி லவ் மேரேஜு. நாங்க விருதுநகரு, மாப்பிள்ளை கோகுல்நாத் பொள்ளாச்சிப் பக்கம். நல்ல பையன், குத்தம் சொல்லக் கூடாது. எல்லாத்தையும் நானே பண்றேன் அத்தைம்பாரு, அது ஒண்ணுதான் வியாதி. தலைப் பிரசவத்துக்கு பெத்தவதான போகணும், நான் போனேன். பேரன் பொறந்தாச்சுன்னு கேட்டதும் அந்தம்மாவும் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து எறங்கிருச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சண்டை போடுற ஆளே இல்ல நானு, எங்க தெருவுல கேட்டுப் பாருங்க.

அந்தம்மா ஒல்லியா, வெறகுக்குச்சி கணக்கா இருக்கும். பேச்சுல எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. மனுசங்களுக்குப் போட்டாச் சரி. குக்கரு விசிலடிச்சா, "சத்தம் வருதுங்க"ங்கும். புள்ள அழுதா, "பசிக்குதுங்களாட்ட இருக்குது"ங்கும். நான் ஏதாவது சுருக்குன்னு சொன்னேன்னு வைங்க, அதுக்கும் "சரிங்க"தான். சரிங்கன்னு சொல்றவகிட்ட என்னத்தச் சண்டை போடுறது. எனக்கு நாள் பூராத் தொண்டைக்குள்ளயே நிக்கும்.

சமையல்லதான் ஒத்து வரல. பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கணுமா இல்லையா? அதுக்காக எங்க ஊருப் புளிய, கொட்டை எடுக்காத புளியா, பொட்டியில வச்சுக் கொண்டு போயிருந்தேன். ஏர்போர்ட்டுல மோந்து பாத்துட்டு என்னமோ கேட்டான், மூட்டு வலின்னேன், விட்டுட்டான். வசந்தாமணி சமையல்ல புளியே கெடையாது. தேங்காய அரைக்கும், தக்காளியப் போடும், அரிசியையும் பருப்பையும் ஒண்ணா வேக வச்சு நெய்ய ஊத்தும். மாப்பிள்ளை அதத்தான் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிடுவாரு. சுபாவும் வாங்கிச் சாப்பிட்டா. பால் குடுக்கிற பிள்ளை, பசிக்கு எதையாவது திங்கத்தான செய்யும்.

இப்பிடிப் போயிக்கிட்டிருக்கயில ஒருநாள் முருங்கைக்காய்ச் சாம்பாரு. நாந்தான் வச்சேன். சாப்பிட்டுட்டுத் தட்டக் கழுவிவிட்டு சுவிட்சப் போட்டா, கர்ருங்க வேண்டிய மிஷினு ம்ம்ம்முனு ஒரு மொனகலு. அப்புறம் அதுவும் இல்ல. தண்ணி மேல ஏறி நிக்குது, பச்சையா, நூல் நூலா. அந்த மிஷினோட தெம்பே அவ்வளவுதான். ஒரு முருங்கைக்காயத் தாங்காத மிஷினெல்லாம் ஒரு மிஷினா?

மாப்பிள்ளை வந்தாரு. அடியில ஒரு செவப்புப் பொத்தான் இருக்கு, அத அமுக்குனாரு. ஒரு சின்னச் சாவிய உட்டுத் திருகுனாரு. பழசாயிருச்சு, மாத்தித்தான் ஆகணும்னாரு. ஆளக் கூப்பிடுங்கன்னு சுபா சொன்னா. அதெல்லாம் வேணாம், நானே மாத்திருவேன்னு புது மிஷினுக்கு ஆர்டர் போட்டாரு. அட்டைப்பெட்டி வந்து வாசல்ல எறங்குச்சு.

எறங்கி, அப்பிடியே இருந்துச்சு. சனிக்கிழமை மாட்டுறேன்பாரு. சனிக்கிழமை வந்தா, வீடியோ பாக்கிறேன்னு உக்காருவாரு. மாட்டுற வீடியோவ மட்டும் எத்தனையோ பாத்தாச்சு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, புள்ள தூங்க விடல, பகலெல்லாம் ஆபீசு. அட்டைப்பெட்டி மேல டயப்பர அடுக்க ஆரம்பிச்சா சுபா. கொஞ்ச நாள்ல அது ஒரு மேசை மாதிரியே ஆயிப்போச்சு.

பாத்திரம் கழுவுற பெரிய மிஷின் வேற இருக்குல்ல, அதோட தண்ணியும் இந்த மிஷின் வழியாத்தான் போகணுமாம். அதுவும் போச்சு. பாத்திரம் பூராத்தையும் குளிக்கிற தொட்டியில போட்டுக் கழுவுனோம். அமெரிக்கா வந்து, குளிக்கிற எடத்துல குத்த வச்சு, சட்டி விளக்குறேன். நான் விளக்க, வசந்தாமணி அலச. "நீங்க எந்திரிங்க, நான் பாத்துக்கறனுங்க"ன்னு சொல்லும். நான் எந்திரிப்பனா? நான் எந்திரிச்சா, தான் மட்டும் வேலை செஞ்ச மாதிரி மகன்கிட்டக் காட்டிக்கிறதுக்கா?

வீட்டுல சிரிப்பே போயிருச்சு அக்கா. சுபாவுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை. பால் பாட்டில் கழுவ எடமில்லன்னு அழுதா. நாத்தம் வருதுன்னு அழுதா. ஒருநா சாயங்காலம் ரூமுக்குள்ள ரெண்டு பேருக்கும் பேச்சு தடிச்சுச்சு. அங்க சுவரெல்லாம் அட்டை, தும்முனாக்கூடக் கேக்கும். மாப்பிள்ளை சொல்றாரு, "இத்தனை பேரு இருக்கிறதாலதான் இவ்வளவு கஷ்டம்." இவ சொல்றா, "அப்ப அம்மாவச் சீக்கிரமா அனுப்பி வச்சிருவோம்."

நான் ஹால்ல துணி மடிச்சுக்கிட்டிருக்கேன். எதிர்க்க வசந்தாமணி, மடியில புள்ள. ரெண்டு பேரும் தலையத் தூக்கல. யாரு அம்மாவ? அதச் சொல்லலியே அவ. எனக்குச் சந்தேகமே இல்ல. மாமியார நாங்களும் அம்மான்னுதான கூப்பிட்டோம்? அந்தம்மாவத்தான் சொல்றான்னு புரிஞ்சிருச்சு. பாவமாக்கூட இருந்துச்சு. ஆனா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. அது வேற, சீரணக் கோளாறு.

மறுநா புள்ளைக்கு ஊசி போடணும்னு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டாங்க. கார் போனதும் நான் நேராப் போயி டயப்பரையெல்லாம் எடுத்துக் கீழ வச்சுட்டு அட்டைப்பெட்டியப் பிரிச்சேன். வசந்தாமணி பின்னாலயே வந்து நின்னுச்சு. வேண்டாம்னு சொல்லும்னு பாத்தேன். அது சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, "மொதல்ல கரண்ட்டப் புடுங்கோணுமுங்க"ன்னுச்சு. மகன் பாத்த வீடியோவையெல்லாம் பின்னால நின்னு அதுவும் பாத்திருக்கு.

டேப்லெட்டுல ஒரு வெள்ளக்காரன் வீடியோவப் போட்டோம். அவன் பேசுறது புரியல, சத்தத்த அமத்திட்டு ஊமைப்படம் மாதிரி பாத்தோம். அவன் செய்யிறத நாங்க செய்யிறது, அப்புறம் நிப்பாட்டுறது. கொழாயக் கழட்டயில வாளி வைக்கணும்னு அவன் காட்டுனான். வாளிய வச்சோம், தள்ளி வச்சிட்டோம். அத்தனை நாளு ஊறுன தண்ணி அக்கா. என் ரவிக்கை, முடி, மூக்குத்தி எல்லாத்துலயும். வசந்தாமணி என்னையப் பாத்துச்சு, சிரிப்ப அடக்கிக்கிட்டு. நானும் பாத்தேன். அதோட சட்டுனு நின்னிருந்தா மரியாதையா இருந்திருக்கும். ரெண்டு பேரும் தரையில உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாச்சு.

பழச எறக்குறது லேசாத்தான் இருந்துச்சு. மேல ஒரு வளையம், அதுல ஸ்குரூ டிரைவரச் சொருகித் திருப்புனா சடார்னு விழுந்துருச்சு. கீழ கோலப்பொடி டப்பாவையும் துண்டையும் வச்சிருந்ததால தப்பிச்சோம். அதத் தூக்கி ஒரு பையில கவுத்தினோம். பொலபொலன்னு கொட்டுச்சு புளியங்கொட்டை. முருங்கைக்காய்ச் சக்கையும், வாழைப்பூ நரம்பும் பின்னிக்கிட்டு, சடை மாதிரி.

வசந்தாமணி அதையே பாத்துக்கிட்டிருந்துச்சு. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க? புளி நான் கொண்டு போனதுதான், இல்லைங்கல. ஆனா நான் கரைச்சுட்டுக் கொட்டையச் சிங்க்கு ஓரத்துலதான் வச்சேன். ஓரத்துல வச்சது எப்பிடி உள்ள போகும்? யாராவது தண்ணிய வேகமாத் தொறந்துவிட்டாப் போகும். அந்த வீட்டுல தண்ணிய வேகமாத் தொறந்துவிடற ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம்னு விட்டுட்டேன்.

புது மிஷினுதான் ஆள வாங்கிருச்சு. நல்ல கனம், ஒரு வயசுப் பிள்ளையாட்டம். அதக் கீழருந்து தூக்கிப் புடிக்கணும், மேல இருக்கிற வளையத்துல மூணு காதும் சரியா உக்காரணும், உக்காந்ததும் திருப்பணும். அந்த அலமாரிக்குள்ள என் ஒடம்பு போகல. அமெரிக்காவுல எல்லாம் பெருசும்பாங்க, சிங்க்குக்கு அடியில மட்டும் கஞ்சத்தனம். வசந்தாமணிதான் மல்லாக்கப் படுத்து உள்ள போச்சு. மிஷின நெஞ்சுல வாங்கி, தோள்ல ஏத்தி, மேல தூக்கிப் புடிச்சுக்கிருச்சு. நான் பக்கத்துல கவுந்து படுத்து ஒரு கைய உள்ள விட்டு வளையத்தத் திருப்புறேன். ஒரு காது மாட்டுது, ரெண்டு கழண்டுருது. ரெண்டு மாட்டுது, ஒண்ணு கழண்டுருது. எங்க ரெண்டு பேரு மொகத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான். நீங்க வாங்கயெல்லாம் எப்பப் போச்சுன்னே தெரியல. "ஏ வசந்தா, விட்ராதடீ"ங்கிறேன் நான். "வலப்பக்கம் தள்ளு புஷ்பம், வலப்பக்கம்"னு கத்துது அது. அந்த 'ங்க' எங்க போச்சோ, தண்ணியோட போயிருச்சு.

கை ஓஞ்சு கொஞ்சம் நிறுத்துனோம். மிஷின் வசந்தாமணி தோள்ல. கண்ண மூடிக்கிட்டு இருந்துச்சு. அப்பிடியே கேட்டுச்சு.

"நேத்துப் பேசுனது உனக்குக் கேட்டுச்சா?"

கேக்கலைன்னேன்.

"எனக்குக் கேட்டுச்சு. போறதா இருந்தா நான் போறேன் புஷ்பம். அந்தப் புள்ள ராத்திரி பகலா அழுதுட்டுக் கெடக்குது. இப்பப் பெத்தவ பக்கத்துல இருக்கோணும். எம்பையனுக்கென்ன, அவன் தடிமாடு."

நான் என்ன சொல்றது? ஒருத்தி தானாப் போறேங்கும்போது வேண்டாம்னு சொல்றது மரியாதையில்ல. கையத் தொடச்சுட்டு, மறுபடி பாப்போம்னேன். இந்தத் தடவை என்னமோ தெரியல, என் கைக்கு ஒரு வெறி வந்த மாதிரி இருந்துச்சு. ஒரே திருப்பு. டக்குன்னு மூணு காதும் மாட்டிருச்சு. கொழாய முடுக்குனோம். பாத்திர மிஷினோட டியூப மாட்டுறதுக்கு முன்னால, உள்ள ஒரு அடைப்பு இருக்கும், அதத் தட்டி எடுக்கணும்னு வசந்தாதான் ஞாபகம் வச்சிருந்தா. சப்பாத்திக் கட்டையால தட்டி எடுத்தோம். கரண்ட்டு குடுத்து சுவிட்சப் போட்டேன். கர்ருன்னுச்சு பாருங்க, என் மக பிரசவத்துல புள்ள அழுத சத்தங்கூட எனக்கு அம்புட்டு இனிப்பா இல்ல.

கீழ குனிஞ்சு பாத்தா ஒரு சொட்டு ஒழுகல. வசந்தா எந்திரிக்க முடியாம தோளப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பழைய வலியாம், எப்பவோ கெணத்து மேட்டுல விழுந்ததாம். மொதல்லயே சொல்லலாம்ல? எண்ணெய் தேச்சு விட்டேன். அந்தத் தோளு வெறும் எலும்பு அக்கா. அதுல அந்தக் கனத்த எப்பிடித் தாங்குனாளோ.

அவங்க வந்தாங்க. சுபா சிங்க்கப் பாத்தா, அட்டைப்பெட்டி காலியாக் கெடக்கிறதப் பாத்தா, எங்க ரெண்டு பேரு தலையவும் பாத்தா. அப்பிடியே புள்ளைய அவர்கிட்டக் குடுத்துட்டு வந்து கட்டிப்புடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரையும் சேத்து. அந்த நாத்தத்தோட.

மாப்பிள்ளை அடியில டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, பரவால்லியே பரவால்லியேன்னாரு. மொகம் கொஞ்சம் சின்னதாத்தான் போச்சு. அவரு பாத்த வீடியோவுக்கெல்லாம் அர்த்தமில்லாமப் போச்சுல்ல. அப்புறம் அந்தப் பையப் பிரிச்சுட்டாரு. புளியங்கொட்டைய ஒரு கை அள்ளி வச்சுக்கிட்டு, "இத யாரு உள்ள போட்டது?"ன்னாரு.

சத்தமாக் கேக்கல. ஆனா சுபா என் பக்கம் திரும்பினா. நான் ஓரத்துல வச்சத விவரமாச் சொல்லலாம்னு வாயத் தொறக்கிறேன். அதுக்குள்ள வசந்தா சொல்லிட்டா.

"நாந்தாங் கண்ணு. தெரியாமப் போட்டுட்டேன்."

பாத்தீங்களா? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் கேக்கல, மிரட்டல, தானா ஒத்துக்கிட்டா. மாப்பிள்ளை அவங்கம்மாவப் பாத்தாரு, கையில இருக்கிற கொட்டையப் பாத்தாரு, குப்பையில போட்டுட்டுப் போயிட்டாரு. என்ன சொல்லுவாரு, பெத்த தாயாச்சே. சுபா என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. மாமியா ஒத்துக்கிட்டதுல அவளுக்கு அப்பிடி ஒரு அதிர்ச்சி.

பேரு வைக்கிற விசேஷம் முடிஞ்சதும் வசந்தா கெளம்பிட்டா. தோப்புல தேங்காய் போடணும், ஆள் நிக்க மாட்டேங்கிறான்னு அவளே சொல்லி டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டா. தப்புப் பண்ணவளுக்கு மொகத்தக் காட்டக் கூச்சமா இருந்திருக்கும். போகயில என் கையப் புடிச்சுக்கிட்டு, "புள்ளையப் பாத்துக்க புஷ்பம், மருமவ சாப்பிட்டாளான்னு கேட்டுக்கிட்டே இரு"ன்னா. எனக்கு என் மகளைப் பாத்துக்கத் தெரியாதா? ஆனா அன்னிக்கு அவகிட்டச் சுருக்குன்னு எதுவும் சொல்ல வரல.

அதுக்கப்புறம் அடுப்படியில எனக்குத்தான் முழு ராஜ்ஜியம். நெனச்சபடி சமைச்சேன். அரிசியும் பருப்பும் ஒண்ணா வேக வைக்கிறத நானே செஞ்சேன், சுபா கேட்டாளேன்னு. அவ வைக்கிற மாதிரி வரல. நெய்யா, பூண்டான்னு தெரியல, போன் போட்டுக் கேட்டேன். அப்புறம் தெனமும் எதையாவது கேக்கணும்னு போன் போட்டேன். பாத்திரம் வெளக்க மிஷினு ஓடுது, மிச்சத்த அரைக்க மிஷினு ஓடுது, எனக்குத்தான் பேச ஆளில்ல. மக அவ வேலையப் பாக்கிறா, மாப்பிள்ளை மரியாதையாப் பேசுறாரு. நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்கன்னு சொல்ல அங்க ஒருத்தரும் இல்ல.

ஒருநா போன்ல பக்கத்துல யாரோ பேசுற சத்தம். தோளுக்கு வைத்தியம் பாக்க வந்த ஆளாம். இன்னும் கையத் தூக்க முடியலையாம் அவளால. தலை பின்னக்கூடப் பக்கத்து வீட்டுப் புள்ளையத்தான் கூப்பிடுறாளாம். ஏன் சொல்லலைன்னு கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க"ங்கிறா. மறுபடி அந்த 'ங்க'. எனக்கு அதுதான் பொறுக்கல. சிங்க்குக்கு அடியில புஷ்பம்னு கூப்பிட்டவ, ஊருக்குப் போனதும் நான் யாரோ எவளோ ஆயிட்டனா?

அதான் நான் இப்ப விருதுநகருக்குப் போகல. என் மகன் மதுரைக்குக் காரோட வந்து நிக்கிறேன்னான், வேண்டாம்னுட்டேன். மெட்ராசுல எறங்கி, கோயமுத்தூர் ரயிலு, அங்கருந்து பொள்ளாச்சி. மக கேட்டா, எதுக்கும்மா அங்க போறேன்னு. அவகிட்டச் சொன்னதத்தான் உங்ககிட்டயும் சொல்றேன். மன்னிக்கத்தான் போறேன்.

ஆமா அக்கா. என்ன இருந்தாலும் கொட்டையப் போட்டு மிஷினக் கெடுத்தது அவதான, அவளே சொல்லிட்டாளே. அத மனசுல வச்சுக்கிட்டு அவ அங்க ஒத்தையில கெடந்து வெந்துக்கிட்டிருப்பா. நேருல போயி, வசந்தா, நான் ஒண்ணும் நெனைக்கலடின்னு சொல்லிட்டா அவளுக்கும் நிம்மதி. தலையப் பின்னிவிட்டு, தோளுக்கு எண்ணெயப் போட்டு, எங்க ஊரு மாதிரி ஒரு குழம்பு வச்சுக் குடுத்துட்டு வரணும். அவ நாக்குக்கும் கொஞ்சம் ருசி தெரியட்டும்.

அந்தா உங்க வண்டிக்காரரு வாறாரு, சேலைய மடக்கி உக்காருங்க, சக்கரத்துல மாட்டிக்கிரும். என்ன கேக்குறீங்க, எத்தனை நாள் தங்குவேன்னா? ஊருக்குத் திரும்புற டிக்கெட்டு போடல அக்கா. மன்னிக்கிறதுன்னா என்ன, ஒரு நாள்ல முடியிற காரியமா?